அப்பாவுக்கு மீன் காட்டுன கதை, கூடவே ஒரு பழைய கேம்

ரொம்ப நாள் தேடி ஒரு செகண்ட் ஹேண்ட் ட்ரீம்காஸ்ட் (சேகா கம்பெனியோட பழைய கேம் கன்சோல்) வாங்கிட்டேன், கூடவே அதுக்குன்னு வந்த தூண்டில் மாதிரி கன்ட்ரோலரும். சேகா பாஸ் ஃபிஷிங்ங்கற மீன்பிடி கேம் ஆடத்தான் (பாஸ்ங்கறது ஒரு மீன்), வேற ஒரு காரணமும் இல்ல. ஆன் பண்ண உடனே மெமரி யூனிட் பேட்டரி காலின்னு பீப்புன்னு ஒரே கத்தல், உள்ள இருக்குற கடிகார பேட்டரியும் போயிருச்சு, அதனால ஒவ்வொரு தடவையும் தேதி கேக்குது, 1998 நவம்பர் 27ன்னு நிக்குது. ஜப்பான்ல கன்சோல் வெளியான நாள் அது.

இந்த கேம் 1997ல 'கெட் பாஸ்'ங்கற பேர்ல ஆர்கேட்ல, அதாவது காசு போட்டு ஆடுற மெஷின்ல வந்தது, 1999லதான் வீட்டுக்கு வந்துச்சு. ஆர்கேட் புத்தி இன்னும் அப்படியே இருக்கு. மீன் பிடிக்கிறதுன்னா பொறுமைன்னு சொல்லுவாங்கல்ல, இங்க அதெல்லாம் கிடையாது, டைம் ஓடிட்டே இருக்கும், இத்தனை எடை பிடிச்சாத்தான் அடுத்த ஸ்டேஜ், பின்னாடி மியூசிக் வேற என்னமோ கார் ரேஸ் மாதிரி அடிக்கும்.

ஆனா எனக்கு இந்த கேம் இன்னைக்கும் பிடிக்கிறதுக்கு காரணம் வேகம் இல்ல. தூண்டியை வீசுன உடனே கேமரா தண்ணிக்குள்ள போயிரும். நம்ம போலி இரை ஆடிட்டே வருது, ஒரு பாஸ் பக்கத்துல வந்து பாக்குது, பின்னாடியே வருது, ஒரு நொடி யோசிக்குது, திரும்பிப் போயிருது. அடப்பாவின்னு இருக்கும். ரீலை கொஞ்சம் நிப்பாட்டி கையை லேசா ஒரு வெட்டு வெட்டுனா மறுபடி வருது. இப்ப வர்ற ஃபிஷிங் கேம்ல நூறு வகை ராடு, எல்லா ஏரிக்கும் மேப்புன்னு குடுத்துட்டு இந்த ஒரு நொடியை விட்டுட்டாங்கன்னுதான் என் கருத்து. சண்டைக்கு வர்றவங்க கமெண்ட்ல வாங்க.

எங்க அப்பா சின்ன வயசுல ஏரில மண்புழு குத்தி தக்கையைப் பாத்துட்டே உக்காந்த ஆளு. கொஞ்ச நேரம் பின்னாடி நின்னு பாத்தாரு. "என்னடா இந்த மீனு இப்படி வேடிக்கை பாக்குது, கெளுத்தின்னா இந்நேரம் முழுங்கிருக்கும்"னாரு. அப்பறம் கன்ட்ரோலரை வாங்குனவரு அரை மணி நேரம் தரவே இல்ல. மீன் இழுக்கும்போது, தூண்டில் நரம்பு எவ்வளவு இறுகுதுன்னு காட்டுற டென்ஷன் மீட்டர் சிவப்புக்குப் போனா ரீல் சுத்துறதை நிறுத்தணும்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே அவரே நிறுத்திட்டாரு, கன்ட்ரோலர் அதிருதுல்ல, அதை வச்சே தெரிஞ்சுக்கிட்டாரு போல.

அதனாலதான் சொல்றேன், இந்த ஆட்டத்துல பாதி அந்தத் தூண்டில்லதான் இருக்கு. உள்ள மோஷன் சென்சார், கையில சுத்துற ரீல், அதிர்வு எல்லாம் இருக்கு, கையை ஆட்டி ஆடுற நின்டெண்டோ வீ கன்சோல் வர்றதுக்கு 7 வருஷம் முன்னாடியே! (இதை வச்சு சோல்கேலிபர்ங்கற வாள் சண்டை கேம்ல வாள் கூட வீசலாம், நம்பாதவங்க ட்ரை பண்ணுங்க, பாக்க கேவலமா இருக்கும், செம ஜாலி.) 2011ல பிசிக்கு வந்த வெர்ஷனை சாதா கேம்பேட்ல ஆடிருக்கேன், அதே மீன், அதே ஏரி, ஆனா பட்டனை அமுக்கிட்டு உக்காந்திருக்கோம், அவ்வளவுதான்.

குறையே இல்லையான்னா இருக்கு. ஒரே நாள்ல ஆர்கேட் மோட் முடிச்சிரலாம். டோர்னமென்ட் மோட்தான் கொஞ்சம் நீளம், அதுலயும் மீன் எங்க கிடைக்கும்னு பிடிபட்டதும் அங்கயே போய் நிப்போம். ஒவ்வொரு மீனுக்கும் கத்துற அந்த அறிவிப்பாளர் குரல் பத்தாவது தடவைக்கு மேல காதுல ஏறாது.

நேத்து ராத்திரி கடைசி ஸ்டேஜ்ல, ஒரு பெரிய மீனை கரை வரைக்கும் இழுத்துட்டேன், 7 செகண்ட் பாக்கி, அவசரத்துல மீட்டரைப் பாக்காம சுத்திட்டேன், தூண்டில் நரம்பு அறுந்துருச்சு. கடுப்புல கன்சோலையே ஆஃப் பண்ணிட்டேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி ஆன், மறுபடி பீப், மறுபடி 1998 நவம்பர் 27.