பெயர் எழுதாத வரவு

எனக்கு வேண்டிய ஒருவர் வீட்டுக்கு நேற்று மாலை போயிருந்தேன். அவர் பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதமாகக் கட்டிலில் கிடக்கிறார். மகள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. கட்டணம் கட்ட வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் கல்லூரிக்கே போய் முழுத் தொகையையும் கட்டிவிட்டார். பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாராம். அலுவலகத்திலிருந்து போனில் தகவல் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. பிள்ளை இன்னும் வகுப்புக்குப் போகவில்லை. அப்பா விடவில்லை.

"ஊர் பேர் தெரியாதவர் காசில் என் பிள்ளை படிக்க வேண்டாம்" என்கிறார். ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தேன். கடைசியில் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுப்படி நிலையில் சாய்ந்தபடி அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கிளம்பும்போது ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் சொன்ன அதே சொற்களை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16. பேராவூரணிப் பக்கத்தில் அந்தத் தேதியைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறிய கஜா புயல், விடிவதற்குள் எங்கள் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. எனக்கு இரண்டு ஏக்கர், 140 மரம். காலையில் எண்ணியபோது 11 நின்றது. தென்னை வைத்திருப்பவனுக்கு நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு தேங்காய் வெட்டு. பிள்ளை படிப்பு, சீட்டுப் பணம், கடனுக்கு வட்டி, சொந்தத்தில் நல்லது கெட்டது எல்லாம் அந்த வெட்டை நம்பித்தான் நடக்கும். புதிதாக நெட்டைக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும். மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அரசு அறிவித்தது. அந்தப் பணம் வருவதற்கு முன்பே, அறுத்த ஆளுக்கும் தூரைத் தோண்டித் தள்ளிய இயந்திரத்துக்கும் என் மனைவியின் தோடு அடகுக்குப் போயிருந்தது.

எங்கள் வட்டாரத்தில் ஒரு குடும்பம் இப்படிச் சரிந்தால் எழுந்து நிற்க ஒரு வழி உண்டு. மொய் விருந்து. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் ஆடி, ஆவணி மாதங்களில் கறிச்சோறு போட்டு ஊரைக் கூப்பிடுவார்கள். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் செய்வார்கள். நோட்டில் ஊர், பெயர், தொகை எழுதப்படும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. அவர்கள் விருந்து வைக்கும்போது, வாங்கியதோடு கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். மொய்யை இழிவாக எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. என் வீட்டுக்குத் தளம் போட்டது மொய்ப் பணம். போர் இறக்கியது மொய்ப் பணம். ஆனால் ஒருவன் விழும்போது மற்றவன் நின்றுகொண்டிருந்தால்தான் அந்த நோட்டு ஓடும். கஜாவில் எல்லாருடைய தோப்பும் ஒரே இரவில் விழுந்தது. எனக்குச் செய்ய வேண்டியவர்களும் விழுந்து கிடந்தார்கள், நான் செய்ய வேண்டியவர்களும் விழுந்து கிடந்தார்கள். அடுத்த ஆடியில் விருந்துப் பத்திரிகையோடு யாராவது தெருவில் வந்தால், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்த வீடுகள் எனக்குத் தெரியும். அவற்றில் என் வீடும் ஒன்று.

அந்த நோட்டு எங்கள் மனத்தில் ஒரு பழக்கத்தை ஊன்றிவிட்டது. வாங்குவதும் பெயரோடு, திருப்புவதும் பெயரோடு. பெயரில்லாத வரவு ஒன்று வந்தால் அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எங்களுக்குத் தெரிவதில்லை.

என் மகள் அப்போது வெளியூரில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரிக்கும் விடுதிக்குமாக 42,000 ரூபாய் பாக்கி. பொங்கல் விடுமுறை முடிந்து பணத்தோடுதான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் தவணை கேட்கலாம் என்று போனேன். பஸ்ஸில் போகும்போதே என்ன பேசுவது, எந்த இடத்தில் கும்பிடுவது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அலுவலகத்தில் இருந்த அம்மா ஒருவர் பேரேட்டைப் புரட்டிவிட்டு, "கட்டியாகிவிட்டதே, ரசீது வாங்கவா வந்தீர்கள்?" என்றார். யார் கட்டினார்கள் என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார். ஆணா பெண்ணா என்றாவது சொல்லுங்கள் என்றேன். அதையும் சொல்லவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் என் வீட்டுக்குள் எப்படி வரலாம்? பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சத்தம் போட்டேன். அந்த அம்மா பொறுமையாக ரசீதை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார்.

அடுத்த பல மாதங்கள் நான் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே அலைந்தேன். மகளுக்குப் பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திய ஆசிரியையா? சிங்கப்பூரில் இருக்கும் என் பெரியப்பா மகனா? தேங்காய் வியாபாரியா? அவருக்கு நானே முன்பணம் பாக்கி வைத்திருந்தேன். டீக்கடைக்காரர் ஒருநாள் காசு வேண்டாம் என்றபோது, இவர்தானோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பக்கத்துத் தோப்புக்காரரோடு வரப்புத் தகராறு எட்டு வருடமாக நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு அவரைப் பார்த்தும் குரலை உயர்த்த எனக்கு வாய் வரவில்லை. ஒருவேளை அவராக இருந்தால்? பெயர் தெரிந்திருந்தால் ஒரே ஒருவரிடம் பணிந்து பேசியிருப்பேன், மற்றவர்களிடம் பழையபடிதான் இருந்திருப்பேன். பெயர் தெரியாததால் ஊர் முழுவதையும் மரியாதையாகப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. நாள் போகப் போக அது எனக்குப் பாரமாகத் தெரியவில்லை.

என் கோபத்தைத் தணித்தது என் அம்மாதான். 1952 நவம்பர் கடைசியில் இதே நாகப்பட்டினம் கரையில் ஒரு புயல் அடித்தது. அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. கூரை பறந்து, குதிருக்குள் இருந்த நெல் நனைந்து முளைத்துவிட்டதாம். மூன்றாம் நாள் விடிகாலையில் கொல்லைப்பக்கம் போன பாட்டி, சாக்கில் கட்டிய இரண்டு மரக்கால் அரிசியைப் பார்த்திருக்கிறார். யார் வைத்தது என்று பாட்டி சாகும்வரை தெரியவில்லை. "வாசலில் வைக்கவில்லை, கொல்லையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்" என்று அம்மா மறுபடியும் மறுபடியும் சொன்னார். வாசலில் வைத்தால் தெரு பார்க்கும். இருட்டில் வேலியைத் தாண்டி, முள் குத்தி, நாய் குரைத்து, அத்தனை சிரமப்பட்டு ஒருவர் எங்கள் வீட்டுக்குத் தலைகுனிவு வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாட்டி அதை உலையில் போட்டார். போடாமல் இருந்திருந்தால் நீ ஏது, உன் மகள் ஏது என்று அம்மா கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மானத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஆட்கள் புறநானூற்றுக்குப் போய்விடுவார்கள். நேற்று அவரும் போனார். கொள் என்று கொடுப்பது உயர்ந்தது, கொள்ளேன் என்று மறுப்பது அதைவிட உயர்ந்தது என்று கழைதின் யானையார் பாடியதைப் படுத்தபடியே சொன்னார். பள்ளிக்கூடத்தில் படித்தது அப்படியே நினைவிருக்கிறது. எனக்கும் அந்தப் பாட்டின்மேல் மதிப்பு உண்டு. ஆனால் வல்வில் ஓரியிடம் பரிசில் கேட்டு நின்ற புலவர் அங்கே தன் மானத்தைப் பற்றித்தான் பேசுகிறார். தன் வயிற்றைப் பட்டினி போட்டுக்கொண்டு கொள்ளேன் என்பவரை நான் வணங்குவேன். மகளின் படிப்பை நிறுத்திவிட்டுக் கொள்ளேன் என்பவரை என்னால் வணங்க முடியாது. விலை கொடுப்பது அவர் இல்லை, அந்தப் பிள்ளை.

கஜா காலத்தில் நான் பிடித்துக்கொண்டிருந்தது அதே நூலின் வேறொரு பாட்டை. பெருஞ்சித்திரனார் வறுமையில் உழன்ற புலவர். குன்றும் மலையும் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைத் தேடி வந்தார். அவன் அவரை நேரில் பார்க்காமலேயே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் வாங்கவில்லை. காணாது கொடுத்த பொருளை வாங்கிப் போக நான் வியாபாரி அல்ல, என் தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவும் எனக்கு இனிது என்றார். பார்த்தாயா, முகம் பார்க்காமல் கொடுத்ததை அன்றைக்கே மறுத்திருக்கிறார்கள் என்று என் மனைவியிடம் வாதாடினேன். அவள் அதிகம் படித்தவள் இல்லை. கேட்டுவிட்டு, "அந்த ராஜா அவரைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்திருக்கிறார்களே" என்றாள்.

இதை நான் நினைக்காத நாளில்லை. எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று அத்தனையும் பணம் கட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது. என் கையில் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்பதும் தெரிந்திருக்கிறது. என்னை இத்தனை துல்லியமாகப் பார்த்த ஒருவர், தன்னைப் பார்க்கும் கட்டாயம் எனக்கு வேண்டாம் என்று விலகி நின்றிருக்கிறார். பெருஞ்சித்திரனார் கேட்டது இந்த அக்கறையைத்தான். அதியமானிடம் அன்று அவருக்கு அது கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்திருக்கிறது.

அதே நவம்பரில் வேறு மாதிரிக் கொடையையும் பார்த்தோம். தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் லாரிகளில் அரிசியும் தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் வந்தன. கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் சாப்பிடக்கூட நிற்காமல் அடுத்த ஊருக்கு ஓடினார்கள், அவர்களை மறக்க மாட்டோம். ஒரு குழு மட்டும் பையைக் கொடுத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை. போட்டோ எடுக்கும்வரை இரண்டு பேரும் பையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். என் மனைவி முந்தானையை இழுத்து முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டாள். அந்தப் பையில் என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை. அவள் முந்தானையை இழுத்தது நினைவிருக்கிறது. அதிராம்பட்டினத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று அவர்கள் வீட்டில் சிறுவயதிலிருந்தே சொல்லி வளர்ப்பார்களாம். வாங்கியவரைக் கடைத்தெருவில் பார்க்கும்போது அவர் கண்ணைத் தாழ்த்தும்படி செய்துவிட்டால் கொடுத்த நன்மை அங்கேயே கரைந்துவிடும் என்பார் அவர்.

கட்டிலில் கிடப்பவர் நேற்று வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளை. யாரோ பணம் கட்டியிருக்கிறார் என்றால் ஊர் என்ன பேசும்? இந்தப் பயம் பொய்யில்லை. எனக்கும் இருந்தது. அதற்கு நான் செய்தது ஒன்றுதான். ஊர் பேசுவதற்கு முன் நானே பேசினேன். டீக்கடையில், ரேஷன் கடையில், பார்த்தவர்களிடமெல்லாம், "யாரோ புண்ணியவான் என் பிள்ளைக்குக் கட்டணம் கட்டியிருக்கிறார், உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்" என்று ரசீதையே எடுத்துக் காட்டினேன். நான் ஒளித்திருந்தால் அது கதையாகியிருக்கும். நானே எடுத்துக் காட்டியதும் ஊருக்குப் பேச ஒன்றும் மிஞ்சவில்லை. வங்கிக் கணக்கு எண்ணையும், போனுக்கு வந்த ரகசிய எண்ணையும் கேட்டுக்கொண்டு உதவி என்று வருகிறவர்கள் வேறு. அவர்களைக் கிட்டவே சேர்க்க வேண்டாம். இது கல்லூரிப் பேரேட்டில் ஏறி, ரசீதாக வந்த பணம். நாளை வந்து உரிமை கொண்டாடுவார்களோ என்றும் பயப்பட்டேன். என் மகள் படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டாள். இன்றுவரை ஒருவரும் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாங்கியதை நாளை வேறொரு பிள்ளைக்குச் செய்துவிடு, கணக்கு நேராகிவிடும் என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் கட்டிலில் கிடப்பவரிடம் அதைச் சொன்னால் அதுவும் ஒரு மொய் நோட்டுதான், பெயர்ப் பத்தியை மட்டும் காலியாக விட்ட நோட்டு. எனக்குக் கட்டியவர் அப்படி ஒரு நிபந்தனையும் சொல்லி அனுப்பவில்லை. இரண்டு ஆண்டு கழித்து 5,000 ரூபாயை எடுத்துக்கொண்டு அதே அலுவலகத்துக்குப் போனேன். அந்த அம்மா கையாலும் தொடவில்லை. "தோட்டத்துக்கு உரம் வாங்கிப் போடுங்கள்" என்றார். போட்டேன். அந்த உரம் தின்ற கன்றுகள் இப்போது பாளை விட்டிருக்கின்றன.

அண்ணே, நீங்கள் போன் பார்ப்பீர்கள் என்று தெரியும், அதனால் கடைசியாக உங்களுக்கே எழுதுகிறேன். கட்டியது நான் இல்லை. என் தோப்பு இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை என்பது உங்களுக்கே தெரியும். யார் என்று தேட வேண்டுமானால் நீங்கள் எழுந்து நடந்த பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து தேடுவோம். திங்கட்கிழமை காலை ஏழேகால் பஸ்ஸுக்குப் பிள்ளையைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள். ஏழு மணிக்கு நான் வாசலில் நிற்பேன். கல்லூரிவரை கூடவே போய் வகுப்பில் விட்டுவிட்டு, ரசீதை வாங்கிக்கொண்டு வந்து உங்கள் தலையணைக்குக் கீழே வைக்கிறேன்.