கூப்பிடவே இல்லை, அப்புறம் எப்படி வரும்?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை வந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள், வராதவர்கள் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். எனவே முழுக்கதையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. சிறுவர் இதழ்களில் துணைப் பாத்திரங்கள் காணாமல் போவது இயற்கை, குழந்தைகளுக்குப் பிடிக்காதது தானாக உதிர்ந்துவிடும் என்று மேடையில் பேசிய பெரியவர் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. நான் தட்டவில்லை. கேள்வி கேட்கக் கை தூக்கினேன், நேரமில்லை என்றார்கள். அதற்கப்புறம் பொன்னாடை போர்த்த மட்டும் நேரம் தாராளமாக இருந்தது. சரி, அது போகட்டும்.

தானாக உதிர்ந்ததாம்! ஒரு பாத்திரம் எப்படி ஐயா தானாக உதிரும்? அதை ஒருவர் எழுத வேண்டும், ஒருவர் வரைய வேண்டும். எழுதாமலும் வரையாமலும் விட்டால் அது வராது. இதில் குழந்தை எங்கே வந்தது?

டிங்கிளையே எடுத்துக்கொள்வோம். 1980இல் அனந்த் பை தொடங்கிய ஆங்கிலச் சிறுவர் காமிக்ஸ் இதழ். அதில் வரும் அசட்டு வேலைக்காரன் சுப்பாண்டியை வரைந்த ராம் வாயிர்கர் மறைந்த பிறகு அவருடைய மகள் அர்ச்சனா வரைந்தார். பயந்தாங்கொள்ளி வேட்டைக்காரர் ஷிகாரி ஷம்புவை வசந்த் ஹால்பே வரைந்தார், அவருக்குப் பின் சாவியோ மஸ்கரேனஸ் வரைந்தார். கண்ணை மறைக்கும் அந்தத் தொப்பிகூட அப்படியே பத்திரமாகக் கைமாறியது. ஏனென்றால் அவர்கள் நாயகர்கள். கதைத் தலைப்பில் அவர்கள் பெயர் இருக்கிறது, தனித் தொகுப்பு போட்டால் விற்கும். ஓவியர் போனால் அடுத்த ஓவியரைத் தேடித்தான் ஆக வேண்டும்.

துணைப் பாத்திரத்துக்கு அப்படித் தேட ஆள் கிடையாது. அதிலும் இரண்டு ஜாதி உண்டு. அதே டிங்கிளில் வந்த நம் காக்கை காளி கதையில் சமட்டகா நரியும் டூப்டூப் முதலையும் இல்லாவிட்டால் சதி இல்லை. கீச்சு, மீச்சு முயல்கள் இல்லாவிட்டால் சதிக்கு இரை இல்லை. ஆகவே யார் எழுதினாலும் இவர்கள் வந்துவிடுவார்கள். பப்லு கரடி அப்படியில்லை. அது இல்லாமலும் கதையை முடித்துவிடலாம். ஷோனார் மானும் அப்படித்தான். அந்தக் காட்டில் நாலு பேர் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று நம்மை நம்ப வைத்தவர்களே இவர்கள்தான், ஆனால் சதிக்கு இவர்கள் தேவையில்லை. கையில் இருப்பது சில பக்கம், தலைக்கு மேல் கெடு. புதிதாக வருகிற எழுத்தாளர் முதலில் யாரை விடுவார்? கரடியைத்தான் விடுவார். வேண்டுமென்று யாரும் துரத்துவதில்லை. இந்த இதழில் கூப்பிடவில்லை, அடுத்த இதழிலும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். இதற்குப் பெயர் இயற்கையா?

தமிழில் நடந்தது இதைவிட மோசம். 1984இல் சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு பைகோ நிறுவனம் பூந்தளிர் என்ற சிறுவர் இதழைக் கொண்டுவந்தது. காக்கை காளி, வேட்டைக்கார வேம்பு (ஷிகாரி ஷம்புவின் தமிழ்ப் பெயர்), சுப்பாண்டி, வாலை நீட்டி நீட்டி எல்லோரையும் காப்பாற்றும் குரங்கு கபீஷ் என்று எங்களுக்குக் கிடைத்த கூட்டம் மொத்தமும் அதன் வழியாக வந்ததுதான். இதழ் நின்றது, கூட்டமும் போயிற்று. எந்தக் குழந்தை ஓட்டுப் போட்டு அனுப்பியது?

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பூந்தளிர் பேருந்து நிலையப் பெட்டிக்கடைக்குத்தான் வரும். முதலில் யார் படிப்பது என்று அண்ணனுக்கும் எனக்கும் அடிதடி. அவன் வேம்பு கட்சி. நான் கரடி கட்சி. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் கரடிதான், அதற்கு டீச்சரிடம் வாங்கிய குட்டு தனி. இதழ் வராமல் போனபின் வேறொரு பத்திரிகைக்குக் கார்டு போட்டேன், நீங்களாவது அந்தக் கரடியைக் கொண்டுவாருங்கள் என்று. பதில் இல்லை. அவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதவாவது ஒரு பதினைந்து பைசா கார்டு போட்டிருக்கலாம். என்னைப் போல எத்தனை பிள்ளைகள் எழுதியிருப்பார்களோ. இன்று மேடையில் ஒருவர் சொல்கிறார், பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லையாம்.

சிலர் இப்போதே தட்டச்சு செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். இதழே நின்றுபோன ஊரில் கரடிக்கு அழுகிறாயே என்று. நியாயமான கேள்விதான். காகித விலை, அஞ்சல் செலவு, விளம்பரம் கிடைக்காத பாடு எல்லாம் எனக்கும் தெரியும். கல்கி குழுமத்தின் சிறுவர் இதழ் கோகுலமே 2020இல் அச்சில் நின்றுவிட்டது. பணமில்லாமல் நின்றதைப் பணமில்லாமல் நின்றது என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பழியைத் தூக்கி எட்டு வயதுப் பிள்ளை தலையில் போடாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

இது வெறும் பழைய நினைவு மயக்கம் என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. உங்கள் கிரிக்கெட் பதிவுகளை நான் பொறுத்துக்கொள்ளவில்லையா?

இன்னொன்று. பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2019இல் பாலரமா என்ற மலையாளச் சிறுவர் இதழின் மாயாவி கதைக்குள் டிங்கினி என்று புதிதாக ஒரு பாத்திரம் வந்தது. உடனே, குந்தத்தில் (ஈட்டியில்) ஏறிப் பறக்கும் நம் குட்டிச்சாத்தான் லுட்டாப்பியை ஓரங்கட்டப் பார்க்கிறார்களா என்று மலையாளிகள் கிளம்பிவிட்டார்கள். ‘லுட்டாப்பியைக் காப்பாற்றுங்கள்’ என்று மீம் மேல் மீம். லுட்டாப்பி எங்கும் போகவில்லை என்று இதழ் சொல்ல வேண்டியதாயிற்று. லுட்டாப்பி நாயகன்கூட இல்லை, வில்லன் கோஷ்டி! பாதி விளையாட்டுத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளையாட்டுக்காவது ஒரு சத்தம் வந்ததே. இங்கே என்ன வந்தது? 2014இல் வாண்டுமாமா மறைந்தபோது என் நட்பு வட்டத்தில் அதைப் பகிர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் எழுதியதைப் படித்து வளர்ந்தவர்கள்தான் அத்தனை பேரும். அன்று வேறேதோ படத்தின் டீசர் ஓடிக்கொண்டிருந்தது.

சுப்பாண்டி எங்கிருந்து போனவன் என்றாவது தெரியுமா? திருச்சியிலிருந்து ஒரு வாசகர் அனுப்பிய கதைகளிலிருந்து. அசட்டு வேலைக்காரனைப் பற்றிய நம்மூர்க் கதைகள்தான் பம்பாய் போய், 1983இல் டிங்கிளில் படமாகி, நாடு முழுக்கப் புகழ்பெற்றன. ஒரு வாசகர் கடிதம் அந்த இதழுக்கே முகம் தந்திருக்கிறது. வாசகருக்கு என்ன தெரியும், பிடித்தால் இருக்கும் பிடிக்காவிட்டால் உதிரும் என்று பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம். யோசிக்க மாட்டார்கள். யோசித்தால் ஓவியர் யார், எழுதியவர் யார், அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள், மூலப் படங்களை எங்கே போட்டீர்கள் என்ற கேள்வியெல்லாம் வரிசையாக வரும். குழந்தைகள் மறந்துவிட்டார்கள் என்றால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டாம்.

‘இந்த வயதில் காமிக்ஸா’ என்று ஞாயிற்றுக்கிழமை என் பின் வரிசையில் சிரித்த தம்பிக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஆமாம், இந்த வயதில்தான். உன் வயதில் எனக்கு அதை வாங்கக் காசு இல்லை.

இன்பாக்ஸில் வந்து ‘விடுங்கக்கா, பெரியவர், ஏதோ பேச்சு வேகத்தில் சொல்லிவிட்டார்’ என்று சமாதானம் பேச வேண்டாம். நான்கு பேர் ஏற்கெனவே பேசிவிட்டார்கள். பழைய பூந்தளிர் யாரிடமாவது இருந்தால் மட்டும் இன்பாக்ஸுக்கு வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஸ்கேன் செய்யும் செலவு என்னுடையது.