விற்கப்போகிற நிலத்துக்கு யார் எரு போடுவார்கள்?

பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய விவசாய ஊரில் குடியிருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். "கொடுத்துவைத்தவர் நீங்கள். நல்ல காற்று, நல்ல தண்ணீர், அவசரம் என்றால் பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி." மூன்றாவது மட்டும் உண்மை. காற்றில் பூச்சிமருந்து வாடை வருகிற நாட்கள் உண்டு. தண்ணீரில் நகரத்துக்கும் பங்கு உண்டு.

வீடுகள் வந்து வயல்களை விழுங்கிவிட்டன என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என் கணக்கில் கேடு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒரு செங்கல்கூட வந்து இறங்கியிருக்காது. "இந்தப் பக்கமும் சீக்கிரம் மனையாகிவிடும்" என்ற பேச்சு மட்டும் கிளம்பியிருக்கும். அது போதும். கிணற்றைத் தூர்வார நினைத்தவர் அடுத்த கோடைக்குத் தள்ளிப்போடுவார். உடைந்த வரப்பு உடைந்தபடி கிடக்கும். காய்ப்புக்கு வரப் பல ஆண்டு பிடிக்கிற மரக்கன்றை ஒருவரும் நட மாட்டார்கள். நகர விளிம்பில் இருக்கும் பண்ணைகளை ஆராய்ந்த அமெரிக்கப் பொருளியலாளர்கள் இதை ஒரு நோயின் அறிகுறிகளைப் போலவே எழுதிவைத்திருக்கிறார்கள்: விற்றுவிடலாம் என்ற எதிர்பார்ப்பு வந்ததும் நிலத்தில் பணம் போடுவது நிற்கிறது, பணம் போடாததால் விளைச்சல் இறங்குகிறது, விளைச்சல் இறங்கியதால் விற்பதுதான் புத்திசாலித்தனம் என்று ஆகிவிடுகிறது.

இதில் அதிகம் அடிபடுகிறவர் குத்தகைக்காரர். நில உடைமையாளர் நகரத்தில் இருக்கிறார். குத்தகையை ஓர் ஆண்டுக்கு மேல் பேச அவருக்கு மனமில்லை, எப்போது நல்ல விலை வரும் என்று யாருக்குத் தெரியும்? தொழு எரு போட்டால் அதன் சத்து மண்ணில் இறங்கி முழுப் பலன் தர ஒரு பருவம் போதாது. அடுத்த ஆண்டு உழப்போவது தானா, மண்ணை அள்ளும் இயந்திரமா என்றே தெரியாதவர் எதற்காக எருவண்டிக்குக் காசு கொடுப்பார்? மூட்டை உரத்தை வாங்கித் தூவுகிறார், கிடைத்ததை அறுக்கிறார். அவரைச் சோம்பேறி என்பவர்களோடு எனக்குச் சண்டைதான் வரும்.

நிலங்கள் வரிசையாக மனையாவதும் இல்லை. நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று விலை போகிறது. வாங்கியவர் தன் துண்டை இடுப்பளவு மண் கொட்டி உயர்த்துகிறார், சுற்றுச்சுவர் எழுப்புகிறார். அந்தச் சுவருக்கு அடியில் ஒரு வடிகால் வாய்க்கால் போய்க்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. பத்திரத்தில் இருந்திருக்கலாம், யார் படித்தார்கள்? மழை பெய்ததும் மேல்வயலின் தண்ணீர் வந்து சுவரில் முட்டி நிற்கிறது. கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடக்கிறது, சில நாட்களில் கதிரிலேயே முளை விடுகிறது. ஒற்றைத் துண்டு கைமாறினால் அடுத்துள்ள நான்கைந்து வயல்களும் கெடுவது இப்படித்தான். அறுவடை இயந்திரத்துக்கும் இதே கதை. வண்டிப்பாதையின் முனையில் புதுச்சுவர் வந்துவிட்டால் அது திரும்ப முடியாது. திரும்பாத ஊருக்கு இயந்திரக்காரர் ஏன் வரப்போகிறார்? வேலையாட்களோ நகரத்துக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கே கூலி அதிகம், வேலையும் ஆண்டு முழுக்க. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

தெருவிளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நெல், சோயா, சாமந்தி போன்றவற்றில் பல ரகங்கள் இரவின் நீளத்தை வைத்தே பூக்கும் காலத்தை அறிகின்றன. புதுச் சாலையில் விடிய விடிய விளக்கு எரிந்தால் அதன் கீழே உள்ள பயிருக்கு இரவே வருவதில்லை. வயல் முழுக்கப் பழுத்து நிற்கும்போது, கம்பத்தின் அடியில் மட்டும் ஒரு வட்டம் பச்சையாகவே நிற்கும். சாமந்தி வளர்ப்பவர்கள் பூப்பதைத் தள்ளிவைக்க வேண்டுமென்றே இரவில் விளக்குப் போடுவார்கள். நமக்கு அந்தச் சேவை இலவசமாக, கேட்காமலே கிடைக்கிறது.

புதிதாகக் குடிவருகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் அமைதியை விலைக்கு வாங்கியதாக நினைத்து வருகிறார்கள். விவசாய ஊர் ஒருபோதும் அமைதியான இடமாக இருந்ததில்லை. விடியுமுன் டிராக்டர் கிளம்பும், எருக்குழி நாறும், சேவல் கூவும். பிரான்சில் ஒலெரோன் தீவில் மோரிஸ் என்ற சேவலின் கூவல் மீது வழக்கே போட்டார்கள். 2019இல் நீதிமன்றம் சேவல் பக்கம் தீர்ப்பளித்தது. 2021 ஜனவரியில் அந்த நாட்டு நாடாளுமன்றம் கிராமப்புறத்தின் ஒலிகளையும் வாசனைகளையும் பாரம்பரியமாக ஏற்றுச் சட்டமே இயற்றியது. சிரிப்பாகத்தான் இருக்கிறது. சாணநாற்றத்துக்குச் சட்டப் பாதுகாப்பு தேவைப்படுகிற அளவுக்குப் போயிருக்கிறது என்று யோசித்தால் அவ்வளவு சிரிப்பு வருவதில்லை.

முன்பெல்லாம் நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பது உழவருக்கு வரமாக இருந்தது. 1826இல் ஃபான் ட்யூனன் என்ற ஜெர்மானியப் பண்ணையார் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். சீக்கிரம் கெடும் பாலும் காய்கறியும் நகரை ஒட்டிய வளையத்தில், அடுத்து விறகுக்கான காடு, அதற்கப்பால் தானியம், கடைசியில் மேய்ச்சல். குளிர்பதன லாரி வந்தபிறகு அந்த வளையத்துக்கு இருந்த அவசியம் குறைந்தது. கீரை எங்கிருந்தும் வரலாம். பக்கத்தில் இருப்பதற்கு இப்போது மிச்சம் உள்ள மதிப்பு மனை மதிப்பு ஒன்றுதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? நகரம் இதற்கு மேல் வராது என்று கோடு போடலாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1973இல் சட்டம் கொண்டுவந்து ஒவ்வொரு நகரத்துக்கும் அப்படி ஓர் எல்லையை வகுக்கச் சொன்னது. எனக்குக் கோடு பிடிக்கும். அது நல்லதோ கெட்டதோ, எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கும். கிணறு வெட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியும். ஆனால் என் பக்கத்து வயல்காரரிடம் இதைச் சொன்னபோது, "கோட்டுக்கு உள்ளே இருப்பவன் பணக்காரன், வெளியே இருப்பவன் ஏமாளியா?" என்று கேட்டார். ஓரிகனிலும் இதைத்தான் கேட்டார்கள். 2004இல் வாக்கெடுப்பு நடத்தி நில உடைமையாளர்களுக்கு இழப்பீடு அல்லது விதிவிலக்கு என்று ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள், 2007இல் இன்னொரு வாக்கெடுப்பில் அதைச் சுருக்கினார்கள்.

பக்கத்து வயல்காரர் கேட்பது நியாயம் என்பதே என் கட்சி. நியூயார்க்குக்குப் பக்கத்திலேயே, லாங் ஐலண்டின் சஃபோக் மாவட்டம் 1970களில் இதற்கு ஒரு வழி கண்டது. நிலத்தை வாங்காமல், அதில் வீடு கட்டும் உரிமையை மட்டும் அரசு விலை கொடுத்து வாங்கியது. நிலம் உழவரிடமே இருக்கும், உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். வாங்குகிறவரும் அங்கே உழத்தான் முடியும். செலவு பிடிக்கிற வழிதான். ஆனால் வயல் காட்சியும் நிலத்தடி நீரும் வேண்டும் என்று விரும்புகிற நகரம் அதற்குப் பணம் கட்டட்டும். இதுவரை அந்தக் கணக்கை, தன் நிலத்தை விற்காமல் வைத்திருப்பவர் தனியாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்.