பாவத்தை அறிக்கையிட்டவனை ஏன் மறுபடியும் எழுந்து நிற்கச் சொன்னீர்கள்?

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். முழுவதும் பார்த்துவிட்டேன். சபையார் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்குச் சற்று முன் அந்தத் தம்பியை எழுப்பி நிறுத்தியதையும், கையில் மைக்கைக் கொடுத்ததையும், அவன் பேச முடியாமல் தவித்தபோது போதகரே அவன் பாவத்தை விவரமாகச் சொன்னதையும், பின்வரிசையிலிருந்து எழுந்த ‘ஆமென்’ ஒலியையும் பார்த்தேன். எந்தச் சபை, யார் என்று இங்கே எழுதமாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் கேட்காதீர்கள்.

அதன் கீழே வந்திருக்கும் கருத்துகளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ‘குற்றவுணர்வு இருந்தால்தான் பரிசுத்தம் வரும்’ என்று ஒருவர். ‘வெட்கப்பட்டால்தான் திருந்துவான்’ என்று இன்னொருவர்.

ஐயா, அவன் பிடிபடவில்லை. தானாகப் போனான். யாருக்கும் தெரியாத ஒன்றைத் தன் மேய்ப்பரிடம் அழுதுகொண்டே சொன்னான். அவரும் தலையில் கைவைத்து ஜெபித்து, ‘கர்த்தர் உன்னை மன்னித்துவிட்டார்’ என்று சொல்லி அனுப்பினார். அந்த வார்த்தை மெய்யென்றால், மன்னிக்கப்பட்டுவிட்ட பாவத்துக்கு எதற்கு விசாரணை? மெய்யில்லை என்றால், அதை எதற்காக அவனிடம் சொன்னீர்கள்? இந்தக் கேள்விக்கு இதுவரை ஒருவரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

‘நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்’ என்று 1 யோவான் 1:9 தொடங்குகிறது. அவன் அறிக்கையிட்டுவிட்டான். மன்னித்துச் சுத்திகரிப்பது என்ற அந்த வசனத்தின் மீதிப் பாதியைத் தேவன் செய்வார் என்று எழுதியிருக்கிறது. நாம் கூடுதலாகச் செய்ய வேண்டியது என்று எதுவும் அங்கே இல்லை.

உடனே 1 தீமோத்தேயு 5:20ஐ எடுத்துக்கொண்டு வருவார்கள்: பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்று இருக்கிறதே? இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். அங்கே பேச்சு மூப்பர்களைப் பற்றியது. சபையை நடத்துகிறவர்கள் பாவம் செய்தால் எல்லார் முன்பாகவும் கண்டிக்க வேண்டும் என்கிறார் பவுல். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எழுதப்பட்டதை எடுத்து, பின்வரிசையில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் மேல் போட்டிருக்கிறீர்கள்.

அடுத்து, பாவம் செய்த ஒருவனைச் சபையைவிட்டு நீக்கச் சொல்லும் 1 கொரிந்தியர் 5 வரும். அந்த மனிதன் தன் தகப்பன் மனைவியை வைத்துக்கொண்டு வாழ்ந்தான்; விடவில்லை; சபையோ துக்கப்படாமல் இறுமாந்திருந்தது. அதற்கும் அழுதுகொண்டு வந்தவனுக்கும் என்ன சம்பந்தம்? கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் தண்டிக்கப்பட்ட ஒருவனைப் பற்றிப் பவுல் மறுபடியும் எழுதுகிறார். அவனும் இவனும் ஒருவன்தானா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. யாராக இருந்தால் என்ன? ‘இந்தத் தண்டனையே போதும்’ என்கிறார். அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்கிறார். போதும் என்று சொல்லத் தெரிந்த அப்போஸ்தலன் அவர். நமக்குத்தான் அந்த வார்த்தை வாயில் வருவதில்லை.

இது இன்று நேற்று வந்த வியாதியும் இல்லை. 459ஆம் ஆண்டில், பாவிகளின் அறிக்கையை எழுத்தில் வாங்கிச் சபை முன் வாசிக்கும் வழக்கம் இத்தாலியின் சில பகுதிகளில் இருந்தது. ரோமாபுரியின் ஆயராயிருந்த லியோ அதைக் கடிந்து, நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதினார். வெட்கத்துக்கும் பயத்துக்கும் ஆளாகிப் பலர் மனந்திரும்பவே வராமல் போய்விடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். இனி நம் பிள்ளைகளில் யார் போதகர் அறைக்குள் போய் வாய் திறப்பார்கள், சொல்லுங்கள்.

இதையெல்லாம் வேத ஆராய்ச்சிக்காக எழுதவில்லை. என் அம்மாவுக்காக எழுதுகிறேன்.

அம்மா தன் இளம் வயதில் ஒரு பாரத்தைச் சபையில் ஒரு பெண்மணியிடம் நம்பிச் சொன்னார். அடுத்த பெண்கள் கூட்டத்தில் அது ‘ஜெபக் குறிப்பு’ ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் அம்மா ஆராதனைக்குப் போகாத ஞாயிறு இல்லை. திருவிருந்துக்கு மட்டும் எழுந்து போகமாட்டார். எல்லாரும் போய்த் திரும்பும்வரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். சிறுவயதில் ஏன் என்று கேட்டேன். ‘எனக்கு அந்தத் தகுதி இல்லை, கண்ணு’ என்றார். கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபடி, கர்த்தர் தன்னை மன்னித்திருப்பாரா என்று கேட்பார். யோவானின் அதே வசனத்தை வாசித்துக் காட்டுவேன். தலையசைப்பார். மறுநாள் காலையில் மறுபடியும் கேட்பார். அவர் செய்தது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியவும் வேண்டாம். ஆனால் குற்றவுணர்வு பரிசுத்தத்தைக் கொண்டுவரும் என்று என்னிடம் யாரும் சொல்லாதீர்கள். அது ஒரு மனுஷியை வாழ்நாள் முழுவதும் பந்திக்குப் புறம்பே உட்காரவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் ஆசாரியர்களிடம்தான் ஓடினான். ‘பாவஞ்செய்தேன்’ என்று தன் வாயாலேயே சொன்னான். கிடைத்த பதில், ‘எங்களுக்கென்ன, அது உன்பாடு.’ அவன் தூக்குப்போட்டு முடிந்துபோனான் என்று எல்லாருக்கும் தெரியும். பாவ அறிக்கையைக் கேட்கும் இடத்தில் உட்காருகிற எவரும் அந்தப் பதிலை நினைத்து நடுங்க வேண்டாமா?

‘மலிவான கிருபையைப் பேசுகிறாய்’, அதாவது மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பைப் பேசுகிறாய் என்று ஒரு சகோதரர் எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். 1937இல் அந்தச் சொல்லால் திருச்சபையை எச்சரித்த ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், 1945 ஏப்ரல் 9 அன்று நாஜிகளால் தூக்கிலிடப்பட்டவர். கிருபைக்கு விலை உண்டு என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அவர்தான் தன்னிடம் படித்த இளம் ஊழியர்களைத் திருவிருந்துக்கு முன் ஒரு சகோதரனிடம் தனிமையில் பாவத்தை அறிக்கையிடச் சொன்னார். அந்த ஒருவனிலேயே நீ முழுச் சபையையும் சந்திக்கிறாய், எல்லார் முன்பும் சொல்லத் தேவையில்லை என்றும் எழுதினார். அதையும் சேர்த்து வாசியுங்கள், சகோதரரே.

பிறரை நாசம் செய்த குற்றங்களை மூடி வைக்கச் சொல்கிறேனா? இல்லை. அவை காவல் நிலையத்துக்குப் போக வேண்டியவை. இது அதுவல்ல.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். ரோமர் முதல் அதிகாரத்துப் பட்டியலில் பொறாமை, கொலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொருளாசை இருக்கிறது. புறங்கூறுதல் இருக்கிறது. பொருளாசைக்காக யாரையாவது திருவிருந்துக்கு முன் எழுப்பி நிறுத்தியதுண்டா? என் அம்மாவின் இரகசியத்தைப் பரப்பிய அந்தப் பெண்மணியைக் கடைசிவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போதும் எழுந்து நிற்பவர்கள் இளைஞர்களும், ஏழைகளும், கேட்க ஆளில்லாதவர்களும்தான். பாவத்தை வெறுக்கிறோம் என்கிறோம். எல்லாப் பாவத்தையும் வெறுக்கிறோமா, எளியவர்களுடைய பாவத்தை மட்டுமா?

‘மத்தேயு 18:15இன்படி போதகரிடம் தனியே பேசாமல் முகநூலில் எழுதுகிறாயே’ என்று கேட்கப் போகிறவர்களுக்கு: பேசினேன். எழுதுவதற்கு முன் அவர் வீட்டுக்கே போனேன். ‘சபை நிர்வாகத்தில் தலையிடாதீர்கள்’ என்று வாசலிலேயே முடித்துவிட்டார். அதனால்தான் பெயரைத் தவிர்த்து இங்கே எழுதினேன். அவர் கூப்பிட்டால் இன்று இரவேகூட மறுபடியும் போவேன்.