எது முடியட்டும்?

"எல்லாம் முடியட்டும் புள்ள, பிறகு ஆறுதலாப் போகலாம்."

எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிய வந்ததிலிருந்து, பிள்ளைகளோடு ஒரு சுற்றுலா போகவேண்டும் என்று சொன்னபோதெல்லாம் ஆகக் கூடுதலாகக் கேட்ட வசனம் இது. சொன்னவர்கள் எல்லாரும் என்மேல் உயிரையே வைத்திருக்கும் ஆக்கள். அவர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். எது முடியட்டும்?

கீமோவுக்கே பல மாதங்கள் போகும். அதற்கு முன்னோ பின்னோ சத்திரசிகிச்சை. பிறகு கதிர் சிகிச்சை, சனி ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும், சிலருக்கு 3 வாரம், சிலருக்கு 5 வாரம் அல்லது அதற்குக் கொஞ்சம் கூட. ஹேர்2 என்கிற புரதம் கூடின வகை என்றால் 3 வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து ஏறக்குறைய ஒரு வருடம் போகும். ஹோர்மோனோடு சம்பந்தப்பட்ட வகை என்றால் தமொக்சிஃபன் போன்ற குளிசையை 5 வருடம் போட வேண்டும், சிலர் 10 வருடம்வரை. எல்லாம் முடிந்து நான் "ஆறுதலாக" வெளிக்கிடும்போது என் மகன் மீசை வைத்திருப்பான். அம்மாவோடு ராட்டினம் ஏற அவனுக்கு அப்போது விருப்பம் இருக்குமா?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடிந்ததும் லெஷர் வேர்ல்டுக்குக் கூட்டிப் போவோம் என்று அவனுக்குச் சொல்லியிருந்தோம். அவிசாவளைப் பக்கம் இருக்கிறதே, அந்தப் பார்க். வகுப்பில் போய் வந்த பிள்ளைகள் கதை கதையாகச் சொல்லி, இவனுக்கு அங்கே உள்ள சறுக்குகள் எல்லாம் போகாமலேயே மனப்பாடம். பரீட்சை முடிந்தது. இடையில் எனக்கு வருத்தம் வந்தது. அவன் அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. பத்து வயதுப் பிள்ளை கேட்காமல் இருக்கப் பழகிவிட்டதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. அடம்பிடித்து அழுதிருந்தால்கூட மனம் இவ்வளவு நொந்திருக்காது.

அதனால் போகிறோம். சிகிச்சையை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாமல், சிகிச்சைக்கு நடுவிலேயே போகிறோம். இதை வீம்பு என்று நினைப்பவர்களுக்காகவும், என்னைப் போல கிளினிக் கொப்பியோடு அலைகிற, ஆனால் இப்படி ஒன்றைக் கேட்கக் கூச்சப்படுகிற பெண்களுக்காகவும்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு இந்தத் துணிச்சல் வந்தது பெரியம்மாவின் மகளிடமிருந்து. சுவிஸில் பாசல் நகரில் இருக்கிறா. அவவுக்கும் இதே வருத்தம், எனக்கு முன்னமே வந்தது. அங்கிருந்து ஜெர்மன் எல்லையைத் தாண்டி ஒரு மணித்தியாலம் போல ஓடினால் றுஸ்ட் என்கிற ஊரில் ஒய்ரோப்பா பார்க் இருக்கிறது. 1975இல் தொடங்கியது, ஐரோப்பாவின் மிகப் பெரிய பார்க்குகளில் ஒன்று. கீமோ நடந்துகொண்டிருந்த காலத்தில் பிள்ளைகளோடு அங்கே போய் வந்தா. நான் அதிர்ந்து போய் "அக்கா, டொக்டர் விட்டாரா?" என்று கேட்டேன். "விடாம என்னடி? போறதெண்டா எந்தக் கிழமை போகவேணும் எண்டு அவர்தான் கலண்டர்ல காட்டினவர்" என்றா. அங்கே இது வைத்தியரிடம் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்வி. நம் ஊரில் கிளினிக்கில் முறை வரும்போது நாம் கேட்பது "டொக்டர், சோறு சாப்பிடலாமா, மீன் சாப்பிடலாமா" என்பதோடு நின்றுவிடுகிறது. பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது சுற்றுலாவைப் பற்றிக் கேட்க நா எழாது, உண்மைதான். ஆனாலும் கேட்க வேண்டும். நான் கேட்டேன். வைத்தியர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அக்காவுக்குச் சொன்ன அதே விஷயத்தைத்தான் எனக்கும் சொன்னார்.

அந்த விஷயம் இதுதான். 21 நாளுக்கு ஒருமுறை கீமோ ஏற்றுகிறார்கள் என்று வையுங்கள். முதல் சில நாள் குமட்டலும் அலுப்பும் ஆளை விழுத்திவிடும். பிறகு மெல்ல எழும்பி நடக்கத் தொடங்குவோம், வாய்க்கு ருசி வரும், "இப்ப நல்லா இருக்கேன்" என்று தோன்றும். ஆபத்து அங்கேதான். ஏறக்குறைய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள்வரைதான் பலருக்கும் இரத்தத்தில் நோயோடு போராடும் வெள்ளை அணுக்கள் ஆகக் கீழே இறங்கியிருக்கும். உடம்பு நன்றாக இருப்பதாகச் சொல்லும், இரத்தம் வேறு சொல்லும். மூன்றாவது வாரத்தில்தான் அணுக்கள் திரும்ப ஏறி, அடுத்த மருந்துக்கு உடம்பு தயாராகிறது. ஆகவே பயணம் போவதென்றால் அந்த மூன்றாவது வாரம். அதுவும் இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிய பிறகு. வாராவாரம் மருந்து ஏற்றுபவர்களுக்குக் கணக்கு வேறு, அவர்கள் தங்கள் வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும். கீமோ முழுவதும் முடிந்து கதிர் சிகிச்சை தொடங்க முன்னர் சில வாரம் இடைவெளி கிடைப்பவர்களுக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை.

எங்கள் குசினிச் சுவரில் கடைக்காரர் தந்த கலண்டர் ஒன்று தொங்குகிறது. மருந்து ஏற்றும் நாளைச் சுற்றி நான் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தேன். அணுக்கள் குறையும் நாட்களை மகள் பென்சிலால் மெல்லிசாக நிழல் தீட்டினாள். மிச்சமாக வெள்ளையாக இருந்த கட்டங்களைத் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டி, "இதுக்குள்ளதான் நாம போக ஏலும், நீயே ஒண்டத் தெரிவு செய்" என்றாள். அவன் கதிரையைப் போட்டு ஏறி, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்து, ஒரு செவ்வாய்க்கிழமையைக் காட்டினான். ஏன் செவ்வாய் என்று கேட்டேன். "சனி ஞாயிறு சனம் கூடம்மா, உங்களுக்குச் சளி பிடிச்சிரும்" என்றான். இத்தனை நாளும் அந்தக் கலண்டரில் என் வருத்தம் மட்டும்தான் இருந்தது.

இனி மாமி சொன்னதற்கு வருகிறேன். "நேர்த்தி வச்சிக் கோயிலுக்குப் போனா ஒரு ஞாயம் இருக்கு புள்ள, வருத்தத்தோட என்ன விளையாட்டு?" என்று கேட்டா. மாமியின் பக்தியை நான் மதிக்கிறேன், என் நேர்த்தியும் மாமாங்கேஸ்வரரிடம்தான் இருக்கிறது. ஆனால் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கத்தில் கூடுகிற சனத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் குளத்தில் எத்தனை ஆயிரம் பேர் முழுகுகிறார்கள். வெள்ளை அணுக்கள் விழுந்திருக்கும் வாரத்தில் ஒருத்தி அங்கே இறங்கினால் கிருமிக்கு அது தீர்த்தம் என்று தெரியாது. கதிர்காமத்துக்குக் காட்டு வழியாக நடக்கப் போகிறேன் என்றால் நம் ஊரில் ஒருவரும் தடுக்க மாட்டார்கள், கண்ணீரோடு வழியனுப்புவார்கள். கோயிலோ, கல்யாண வீடோ, பார்க்கோ, கிருமிக்கு எல்லாம் ஒன்று. எந்த வாரம் போகிறோம், எவ்வளவு நெரிசலுக்குள் நிற்கிறோம் என்பதுதான் கணக்கு. பக்திக்கு ஒரு சட்டமும் பிள்ளையின் சந்தோஷத்துக்கு ஒரு சட்டமும் வைத்தால் அதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

காய்ச்சலைப் பற்றி எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், பயணம் போகாதவர்களும்தான். கீமோ எடுக்கிற ஒருவருக்கு உடம்பு 38 பாகை செல்சியஸைத் தொட்டால் அது அவசரம். விடியட்டும், நாளைக்குக் காட்டுவோம் என்று இருக்கக் கூடாது. நம் வீடுகளில் உடம்பு சுட்டால் முதலில் கை போவது பனடோலுக்குத்தான். அளந்து பார்க்காமல் பனடோலைப் போட்டால் காய்ச்சல் மறைந்துவிடும், உள்ளே கிருமி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். முதலில் வெப்பமானி, பிறகு ஆஸ்பத்திரி. போனதும் வாசலிலேயே "கீமோ எடுக்கிற ஆள்" என்று சொல்லிவிட வேண்டும். அதனால் என் கைப்பையில் வெப்பமானியும் கிளினிக் கொப்பியும் என்ன மருந்து எப்போது ஏற்றியது என்று வைத்தியர் எழுதித் தந்த துண்டும் இருக்கும். பொலன்னறுவை, தம்புள்ளை, குருநாகல், அவிசாவளை என்று போகும் வழியில் எங்கெங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்று என் கணவர் எழுதி வைத்திருக்கிறார். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், இலங்கையில் எங்கிருந்தாலும்.

பார்க்கில் நான் எதில் ஏறுவேன், எதில் ஏற மாட்டேன் என்பதும் முடிவாகிவிட்டது. தலைகீழாகச் சுழற்றி அடிப்பது, தோளை இரும்புச் சட்டத்தால் அமுக்குவது எதிலும் ஏறுவதில்லை. நெஞ்சில் மருந்து ஏற்றும் போர்ட் வைத்தவர்களுக்கு அந்தச் சட்டம் சரியாக அதற்கு மேலேயே அமுக்கும். இரத்தத்தை உறைய வைக்கும் தட்டுக்கள் குறைந்திருந்தால் சின்ன இடிபாட்டுக்கே கண்டிப் போகும். நோய் எலும்புக்குப் பரவியவர்கள் இந்த ஆட்டங்களைத் தொடவே கூடாது. தண்ணீர் விளையாட்டும் எனக்கு இம்முறை இல்லை. கையில் குழாய் வைத்திருப்பவர்கள் அதை நனைக்கக் கூடாது. கதிர் சிகிச்சை நடக்கும் காலத்தில் குளோரின் தண்ணீர் அந்தத் தோலை எரித்துவிடும். அதற்காக நான் பைகளுக்குக் காவல் இருக்கப் போவதில்லை. மெதுவாகச் சுற்றுகிற ஏதாவது ஒன்றில் மகனுக்குப் பக்கத்தில் இருப்பேன். அதற்கு அனுமதி வாங்கியாயிற்று.

அக்குளில் நிணநீர் நெறிகள் எடுத்த பக்கத்துக் கையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பாரம் தூக்கக் கூடாது, வெயிலில் கருகக் கூடாது, கீறல் படக் கூடாது, கை வீங்கத் தொடங்கினால் பிறகு காலம் முழுக்கப் பாடு. நீளக் கைச் சட்டை, தொப்பி, நிழல். சில மருந்துகளுக்குத் தோல் வெயிலைத் தாங்கவே தாங்காது. மட்டக்களப்பிலிருந்து கொழும்புப் பக்கம் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், ஒரே இருப்பில் இருந்தால் காலில் இரத்தம் கட்டும் பயம் இருக்கிறது, தமொக்சிஃபன் எடுப்பவர்களுக்கு அது இன்னும் கூட. அதனால் வானை இடையிடையே நிறுத்தி இறங்கி நடப்பது. வழியில் தயிர்ச் சட்டிகளைப் பார்த்ததும் மனம் தாவும், எனக்குத் தெரியும். காய்ச்சாத பாலில் உறைய வைத்த தயிர், வெட்டி வைத்த பழம், ஐஸ் போட்ட பானம் எதுவும் இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வீட்டில் அவித்த புட்டைக் கட்டிக்கொண்டு போகிறோம்.

பார்க் நடத்துபவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். உடுப்பு மாற்றும் இடத்தில் ஒரு பெண்ணாவது தனியே கதவைச் சாத்திக்கொண்டு மாற்றக்கூடிய ஒரு சின்ன அறை வையுங்கள். மார்பு எடுத்த பெண் பொது அறையில் எப்படிச் சட்டையைக் கழற்றுவாள்? பிள்ளைகள் வா வா என்று கூப்பிடும்போது, தண்ணீரில் இறங்க உடம்பு இடம் கொடுத்தும்கூட, இந்த ஒரு காரணத்துக்காகக் கரையில் இருந்துவிடுகிற தாய்மார் இருக்கிறார்கள். ஆட்டங்களுக்குப் பக்கத்தில் நிழலோடு நாலு வாங்கு போடுங்கள். கீமோவின் அலுப்பு நித்திரை கொண்டால் போகிற அலுப்பு இல்லை, நின்ற நிலையிலேயே காலில் உள்ள பலமெல்லாம் இறங்கிவிடும்.

காசு விஷயம். ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம் என்றாலும் வெளியில் செய்யும் பரிசோதனைகளும் போக்குவரத்தும் எவ்வளவு தின்கிறது என்று எங்களுக்குத் தெரியும். எல்லாராலும் இவ்வளவு தூரம் போக முடியாது. பாசிக்குடாவில் ஒரு பின்நேரம் போதும், கல்லடிக் கடற்கரை போதும். மஹரகமவுக்குச் சிகிச்சைக்குப் போய்த் தங்குகிற குடும்பங்களுக்கு பண்டாரகமவில் உள்ள பேர்ல் பே என்கிற தண்ணீர்ப் பார்க் அவ்வளவு தூரமில்லை. எங்கே என்றாலும், முற்பணம் கட்ட முன் நாளை மாற்றித் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அணுக்கள் ஏறாவிட்டால் கீமோவே ஒரு வாரம் தள்ளிப் போகும், கலண்டர் முழுக்க நகரும்.

ஒன்றை மட்டும் கோபத்தோடு சொல்கிறேன். தயவுசெய்து இதைக் கடைசி ஆசை ஆக்காதீர்கள். நான் போகிறேன் என்று தெரிந்ததும் ஒருவர் என் கணவரிடம் வந்து, "அவவுட ஆசைய நிறைவேத்திப் போடுங்க தம்பி" என்று கண் கலங்கினாராம். எனக்குச் சிகிச்சை நடக்கிறது, குணமாக வேண்டும் என்றுதான் நடக்கிறது. நேரத்தோடு கண்டுபிடித்தால் இந்த நோயிலிருந்து ஏராளம் பெண்கள் மீண்டு வருகிறார்கள். நோய் முற்றியவர்கள் போனாலும் அது அவர்கள் வாழ்கிற ஒரு நாள்தான், செத்த வீட்டு முகத்தோடு அவர்களைச் சுற்றி நிற்க வேண்டியதில்லை. என் பிள்ளைகள் படம் எடுக்கும்போது பின்னால் நின்று யாரும் மூக்கைச் சிந்தக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

பரிசோதனைக்கு இரத்தம் குடுப்பது பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு. எண்ணிக்கை சரியாக இருந்தால் மகன் காட்டிய செவ்வாய். இல்லாவிட்டால் அடுத்த சுற்றின் மூன்றாவது வாரம். இரண்டு திகதியும் அவனுக்குத் தெரியும், வான்காரத் தம்பிக்கும் தெரியும்.