சேவையகக் கணக்கெடுப்புகள் எதை எண்ணுகின்றன?

"உலகின் சேவையகங்களில் 90 சதவீதம் லினக்ஸ்" என்ற வரியைப் பலரும் பகிர்ந்து வருகிறார்கள். சேவையகம் என்பது பிற கணினிகளுக்குத் தளங்களையும் கோப்புகளையும் வழங்கும் கணினி; லினக்ஸ் அதை இயக்கும் அடிப்படை மென்பொருள்களில், அதாவது இயங்குதளங்களில், ஒன்று. திருகோணமலையில் லினக்ஸ் போன்ற, நிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருளை நம்பியே தொழில் செய்பவன் என்றாலும் அந்த வரியை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. இணையதளங்களின் தொழில்நுட்பத்தைக் கணக்கெடுக்கும் டபிள்யூ3டெக்ஸ் கணிப்பில் 90 சதவீதத்தை அண்டி நிற்பது லினக்ஸும் அடங்கிய யுனிக்ஸ் இயங்குதளக் குடும்பம் முழுவதும். லினக்ஸ் என்று உறுதிப்படுத்தப்பட்ட பங்கு அதைவிடக் கணிசமாகக் குறைவு. அதைவிட முக்கியமாக, அங்கே எண்ணப்படுபவை இணையதளங்களே தவிர இயந்திரங்கள் அல்ல. ஆயிரம் தளங்களை ஒரே இயந்திரம் தாங்கலாம். ஒரே தளத்துக்குப் பின்னால் நூறு இயந்திரங்கள் உழைக்கலாம்.

இந்த வேறுபாடு எவ்வளவு தூரம் கணக்கைப் புரட்டும் என்பதற்கு 2006 ஏப்ரல் நல்ல சான்று. இணையச் சேவையகங்களைக் கணக்கெடுக்கும் நெட்கிராஃப்டின் மாதாந்தக் கணிப்பில் மைக்ரோசொப்டின் பங்கு அம்மாதம் திடீரென்று உயர்ந்தது. தளப்பெயர்களை விற்கும் கோடாடி நிறுவனம் தன்னிடம் பதிவாகியிருந்த 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட தளப்பெயர்களை லினக்ஸிலிருந்து விண்டோஸ் சேர்வர் 2003க்கு மாற்றியிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை உள்ளடக்கமின்றிப் பெயருக்கு மட்டும் இருந்தவை. ஒரே நிறுவனத்தின் ஒரே முடிவு, இலட்சக்கணக்கானோர் இயங்குதளம் மாறியதுபோல் வரைபடத்தில் பதிவாயிற்று.

வெளியிலிருந்து இயங்குதளத்தைக் கண்டறியும் முறையும் ஊகத்தை ஒட்டியதே. சேவையகம் அனுப்பும் பதிலில் அப்பாச்சி என்ற இணையச் சேவையக மென்பொருளின் பெயருக்குப் பக்கத்தில் 'உபுண்டு' என்றோ 'சென்ட்ஓஎஸ்' என்றோ ஒரு லினக்ஸ் வகையின் பெயர் இருக்கலாம். அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால் அது மறைந்துவிடும். ஒரு தரவுப் பொதி வழியில் எத்தனை இடைநிலைகளைத் தாண்டலாம் என்று குறிக்கும் டிடிஎல் என்ற எண் லினக்ஸில் வழக்கமாக 64இலும் விண்டோஸில் 128இலும் தொடங்குவதால் அதைக்கொண்டும் ஊகிக்கலாம். ஆனால் தளத்துக்கும் நமக்கும் நடுவில் கிளவுட்ஃபிளேர் போன்றதோர் இடைநிலைச் சேவை நின்றால், நமக்குப் பதில் சொல்வது அதன் இயந்திரம்தான்.

விற்பனையைக் கொண்டு கணக்கிடுவோரின் சிக்கல் வேறு. எங்கள் மத்திய வீதியில் உள்ளதுபோன்ற ஒரு கடையின் பின்னறையை எண்ணிப் பாருங்கள். விண்டோஸ் உரிமத்தோடு வாங்கிய பழைய கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவி, சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாகப் பற்றுச்சீட்டுக் கோப்புகளைப் பகிர்கிறார்கள். விற்பனைக் கணக்கில் அது விண்டோஸ். ரவுட்டருக்குப் பின்னால் இருப்பதால் இணையத்திலிருந்து தேடுபவருக்கு அது இல்லவே இல்லை. பாவனை விபரத்தை அனுப்பச் சம்மதமா என்று டெபியன் நிறுவும்போது கேட்கிறது. முன்கூட்டியே தெரிவாகியிருக்கும் விடை 'இல்லை' என்பதால், அவசரத்தில் நிறுவுபவர் அதை மாற்றாமலே கடந்துவிடுவார். ஆக, எந்தக் கணக்கிலும் அந்த டெபியன் சேராது. பணம் கொடுத்துப் பெறாத பொருளுக்குப் பற்றுச்சீட்டு இருக்காது என்பதால், திறந்த மூல இயங்குதளங்களுக்கு இந்தக் குறை இயல்பிலேயே உண்டு.

வினாக்கொத்து அனுப்பிக் கேட்பவர்களுக்கோ பதில் எழுத ஆர்வமுள்ளவர்களின் குரல் மட்டுமே கிடைக்கும். லினக்ஸ் வகைகளை அறிமுகப்படுத்தும் டிஸ்ட்ரோவாட்ச் இணையதளத்தின் தரவரிசையைப் பாவனையின் அளவுகோலாகக் காட்டுவது இன்னும் மோசம்; அது அத்தளத்தின் பக்கங்களை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது.

நான் தயங்காமல் நம்பும் கணக்கும் உண்டு. 2017 நவம்பர் முதல், உலகின் அதிவேகக் கணினிகளை வரிசைப்படுத்தும் டொப்500 பட்டியலின் 500 மீக்கணினிகளும் லினக்ஸில் இயங்குகின்றன. அங்கே எல்லை தெளிவானது. ஒவ்வோர் இயந்திரமும் தனித்தனியே பட்டியலிடப்படுகிறது. ஆனால் அந்தப் பட்டியலைக் கொண்டு எங்கள் நகரின் உவர்மலையில் உள்ள ஓர் அலுவலகம் எதை நிறுவியிருக்கிறது என்று யாரும் முடிவுகட்ட முடியாது.

ஆகவே சதவீதத்தைப் பகிரும் நண்பர்கள், எண்ணப்பட்டது தளப்பெயரா, விற்ற இயந்திரமா, மெய்நிகர் இயந்திரமா (ஓர் இயந்திரத்துக்குள் மென்பொருளால் உருவாக்கி இயக்கும் கணினி), பதிலளித்த ஆளா என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பாடத்தைக் கற்பிப்பது, எதற்கு விலைமனு கோருவது என்று தீர்மானிப்பவர்களும் இவ்வெண்களைப் படிக்கக்கூடும். இங்குள்ள கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி பயிலும் மாணவர்கள் உரிமையாளரின் அனுமதியோடு கடை கடையாகவும் அலுவலகம் அலுவலகமாகவும் சென்று, பௌதிக இயந்திரத்தையும் அதனுள் இயங்கும் மெய்நிகர் இயந்திரங்களையும் வேறுவேறாகக் குறித்து எண்ணினால், இந்நகர் அளவிலாவது நம்பத்தக்க ஒரு கணக்குக் கிடைக்கும். முன்வருவோருக்குப் படிவம் தயாரிப்பதில் நான் உதவுவேன்.