கப்பலில் யாருக்கு இடம் இருந்தது?

இன்று மார்ச் 24. 1990இல் இதே நாளில்தான் இலங்கைக்கு வந்த இந்திய அமைதிப்படையின் கடைசித் தொகுதி திருகோணமலையில் கப்பலேறியது. ஒவ்வொரு வருடமும் இந்த நாள் வந்தால் முகநூலில் ஒரே சண்டைதான்: இந்தியா வந்தது சரியா பிழையா, போனது சரியா பிழையா. தமிழ்நாட்டு நண்பர்கள் என்றால், திரும்பி வந்த படையை வரவேற்கக் கலைஞர் போகாத கதையிலேயே நின்றுவிடுவார்கள். எனக்குச் சொல்ல இருப்பது வேறு. போவதென்று முடிவெடுத்த பிறகு, போகும் வரைக்கும் இடையில் கிடந்த அந்தச் சில மாதங்களைப் பற்றி.

போனது சரி என்பதுதான் என் எண்ணம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு வந்திறங்கியவர்களுக்கு மாலை போட்டது எங்கள் சனம். ஒக்டோபரில் புலிகளோடு சண்டை தொடங்கி, யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் வைத்தியர்களும் தாதிமாரும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அதே சனம் இவர்கள் எப்போது போவார்கள் என்று நாள் எண்ணத் தொடங்கியது. 1,100க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் இந்த மண்ணில் செத்தார்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான்.

1989 ஜூன் 1ஆம் திகதி இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா, ஜூலை முடிவதற்குள் இந்தியப் படை போய்விட வேண்டும் என்று பகிரங்கமாக அறிவித்தார். ராஜீவ் காந்தி மறுத்தார். கடிதத்துக்கு மேல் கடிதம் போய், செப்டெம்பர் 18இல் ஓர் உடன்பாடு வந்தது: டிசெம்பர் 31க்குள் முழுப் படையையும் எடுத்துவிட முயற்சிப்பது. அங்கே தேர்தல் வந்து வி.பி. சிங் பிரதமரானார், தவணை மார்ச் வரைக்கும் போனது.

இதற்கிடையில் டெல்லிக்கு ஒரு தலையிடி இருந்தது. 1988 நவம்பரில் தேர்தல் வைத்து உருவாக்கிய வடக்கு கிழக்கு மாகாண சபை, ஈ.பி.ஆர்.எல்.எஃப் கட்சியின் வரதராஜப் பெருமாள் முதலமைச்சர். வடக்கில் போட்டியே இல்லாமல் நிரப்பிய ஆசனங்கள் அவை. படை போனால் அந்தச் சபை ஒரு கிழமைகூடத் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். தங்களோடு நின்றவர்களின் உயிருக்குப் புலிகளிடமும் கொழும்பிடமும் உத்தரவாதம் கேட்டுப் பேசியிருக்கலாம். அல்லது நேரத்தோடு அவர்களைக் குடும்பத்தோடு வெளியே எடுத்திருக்கலாம். டெல்லி இரண்டையும் விட்டுவிட்டு, அவசர அவசரமாக ஒரு படை கட்டத் துணை நின்றது. தமிழ் தேசிய இராணுவம் என்று அதற்குப் பெயர்.

அதற்கு விரும்பிப் போக ஆள் இல்லை. அதனால் பெருமாளின் கட்சியும் அதோடு நின்ற இயக்கங்களும் பெடியன்களைப் பிடித்தார்கள்.

சின்ன வயதில் சோறு சாப்பிட மறுத்தால் அம்மா சொல்லுவா, "பிள்ளை பிடிகாரன் வாறான்" என்று. 1989இல் அந்தச் சொல் உண்மையாகவே எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. எனக்குப் பதினேழு வயது. ரியூட்டரியில் ஓலைக் கொட்டில், நடுவில் பாதை, ஒரு பக்கம் பெட்டைகள், மறுபக்கம் பெடியன்கள். ஒரு திங்கட்கிழமை போனால் மறுபக்க வாங்குகளில் ஒருத்தரும் இல்லை. சேர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பிக் கணக்கைத் தொடங்கினார். பெரியம்மாவின் கடைசி மகன், எனக்குத் தம்பி முறை, பகல் முழுக்க விறகுக் கொட்டிலுக்குள் இருப்பான். மீசைகூட அரும்பாத பிள்ளை. பெரியம்மா அவனுக்குச் சோற்றை விறகுக் கடகத்துக்குள் வைத்துத்தான் கொண்டுபோவா. அவன் தப்பினான். இரண்டு வீடு தள்ளி இருந்தவன் மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்குப் போனவன், வரவில்லை. சைக்கிள் மட்டும் கடை வேலியில் சாத்தியபடி நின்றது.

எனக்கு இன்றைக்கும் ஆறாத கேள்வி இதுதான். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட பயிற்சி பெற்ற சிப்பாய்கள் இரண்டு வருடமாய் முயன்றும் புலிகளை அடக்க முடியவில்லை. அழுதுகொண்டு வந்த பள்ளிக்கூடப் பெடியனிடம் துவக்கைக் கொடுத்துச் சில கிழமை பயிற்சி கொடுத்தால் அவன் அடக்கிவிடுவான் என்று யார் நம்பினார்கள்? எங்கள் ஒழுங்கையில் கிழவிமாருக்கே தெரிந்த விசயம் அங்கே கதிரையில் இருந்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். பொறுப்பை யாரிடமோ ஒப்படைத்துவிட்டுப் போனோம் என்று காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளாக எங்கள் பெடியன்களை நிறுத்தினார்கள்.

அம்பாறையில் இந்தியப் படை விலகிய கையோடு, நவம்பரில், அந்தத் தமிழ் தேசிய இராணுவத்தின் முகாம்கள் புலிகளிடம் விழுந்தன. டிசெம்பரில் மட்டக்களப்பு. சில பிள்ளைகளைப் பெற்றோரிடம் விட்டார்கள். பலரைச் சுட்டார்கள். சுட்ட புலிகளுக்கு அந்த நேரம் பிரேமதாசா அரசே ஆயுதம் கொடுத்துக்கொண்டிருந்தது. டெல்லி ஒரு பக்கத்துக்கு, கொழும்பு மறுபக்கத்துக்கு. இரண்டு துவக்குக்கும் பின்னால் நின்றது தமிழ்ப் பிள்ளைகள். புலிகளைப் பற்றி இப்படி எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், தெரியும். பிடித்துக்கொண்டுபோன பிள்ளை என்று தெரிந்தும் சுட்டதை வேறு எப்படி எழுதுவது?

1990 மார்ச் 1ஆம் திகதி பெருமாள் மாகாண சபையில் ஈழப் பிரகடனம் வாசித்தார், அப்புறம் இந்தியா போய்ச் சேர்ந்தார். அவரது கட்சிக்காரரும் குடும்பங்களும் கப்பலில் ஒரிசாவுக்குப் போனார்கள். அவர்களைக் காப்பாற்றியது பிழை என்று நான் சொல்லமாட்டேன், நின்றிருந்தால் ஒருத்தரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கப்பலில் இடம் இருக்கிறது என்று கட்டாயமாகப் பிடிக்கப்பட்டவனிடம் யார் போய்ச் சொன்னது? 2021 ஓகஸ்டில் காபூல் விமான நிலையத்தில், அமெரிக்கருக்கு வேலை செய்த சனம் கையில் கடிதங்களை உயர்த்திப் பிடித்தபடி கால்வாய்க்குள் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. அவர்களிடம் காட்ட ஒரு கடிதமாவது இருந்தது.

கொழும்புக்குப் பக்கத்தில் அமைதிப்படைக்கு நினைவுத்தூபி இருக்கிறது, இறந்த சிப்பாய்களின் பெயர்களோடு. புலிகளுக்கு மாவீரர் பட்டியல் இருந்தது. இந்தப் பிள்ளைகள் இரண்டிலும் இல்லை.

போருக்குப் பிறகு காணாமல் போனவர்களை விசாரிக்க ஓர் ஆணைக்குழு வந்தபோது, மண்ணெண்ணெய் வாங்கப் போனவனின் தாய்க்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க நான்தான் போனேன். பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம் எல்லாம் எழுதியாயிற்று. அடுத்து, கொண்டுபோனது யார் என்று ஒரு கட்டம். நான் பேனையோடு அவவைப் பார்த்தேன்.

"பிடிச்சவையை எழுதவோ, பிடிக்கச் சொன்னவையை எழுதவோ, விட்டிட்டுப் போனவையை எழுதவோ, பிள்ளை?" என்று கேட்டா.

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுத்தான் கொடுத்தோம்.